செமக்ளூடைடா, டிர்செபடைடா?

உதகையில் சர்க்கரை நோய்க்கோ உடற்பருமனுக்கோ வாராந்திர ஊசி போட்டுக்கொள்ள எண்ணுவோர் பெரும்பாலும் இவ்விரண்டைத்தான் ஒப்பிடுகிறார்கள். செமக்ளூடைடு ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனின் ஏற்பியை (செல்லில் அந்த ஹார்மோன் பொருந்தும் இடத்தை) மட்டும் தூண்டிப் பசியைக் குறைக்கிறது; 2022இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற டிர்செபடைடோ, அதனுடன் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் ஏற்பியையும் தூண்டும்படி ஒரே மூலக்கூறாக வடிவமைக்கப்பட்டது. சர்க்கரை நோயில்லாத பருமனானவர்களிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வில், 72 வாரங்களில் சராசரி எடையிழப்பு முன்னதற்கு 13.7 விழுக்காடு, பின்னதற்கு 20.2 விழுக்காடு. எடை மட்டுமே கணக்கென்றால் என் தேர்வு டிர்செபடைடுதான். ஆனால் மாரடைப்பு அபாயத்தைக் குறைப்பதில் செமக்ளூடைடுக்கு நீண்ட சான்று உண்டு. குமட்டல் இரண்டிலும் வரும். மலைக்குளிரை நம்பி ஊசிப்பேனாவைச் சன்னலோரம் வைக்கலாகாது: திறக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறைபனி இரவில் உறைந்துவிட்டால் எதுவானாலும் எறிய வேண்டியதுதான்.