குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம்: கடற்படை வீரர்களின் குடும்பங்கள் பார்க்க வேண்டிய இடம்

விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைச் சுற்றுலா வருபவர்கள் அவசரமாக ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் போனதற்குக் காரணம் வேறு. கடந்த ஆண்டு 82 வயதில் காலமான எங்கள் அப்பா, இதே வகையைச் சேர்ந்த மற்றொரு கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். வீட்டில் அவர் கப்பலைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அம்மாவையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அவர் எப்படிப்பட்ட இடத்தில் உழைத்தார் என்பதைக் காட்ட விரும்பினோம்.

1969 டிசம்பர் 18 அன்று சோவியத் ஒன்றியத்தின் ரிகாவில் பணியில் சேர்க்கப்பட்ட குர்சுரா, இந்தியக் கடற்படையின் நான்காவது நீர்மூழ்கிக் கப்பல். 1971 போரின்போது அரபிக் கடலில் ரோந்து சென்றது. 31 ஆண்டுகளில் 73,500 கடல் மைல் பயணம் செய்து, 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றது. பின்னர் கரையேற்றப்பட்டு, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

கப்பலின் நீளம் ஏறத்தாழ 91 மீட்டர். வெளியிலிருந்து பார்க்கும்போது மிகப் பெரியதாகத் தெரிந்தாலும், உள்ளே இறங்கினால் இருபுறமும் குழாய்களும் வால்வுகளும் நெருக்கும் ஒற்றையடிப் பாதைதான். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக, வட்டமான சிறிய திறப்பின் வழியே தலையைக் குனிந்து காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டும். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இதற்குள் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்பதை நேரில் பார்த்த பிறகுதான் முழுமையாக நம்ப முடிகிறது. நீருக்கடியில் பாய்ந்து சென்று வெடிக்கும் டார்பிடோக்களை ஏவ, முன்புறம் ஆறு, பின்புறம் நான்கு என மொத்தம் பத்து குழாய்கள் உள்ளன. பிள்ளைகளுக்கு அவைதான் மிகவும் பிடித்திருந்தன.

நாங்கள் அதிக நேரம் நின்றது எஞ்சின் அறையில். மூன்று டீசல் எஞ்சின்களுக்கு இடையே ஓர் ஆள் நடக்கும் அளவுக்கே வழி இருக்கிறது. கப்பல் நீர்மட்டத்தில் செல்லும்போதோ, காற்றுக்குழாயை மட்டும் மேலே நீட்டிச் செல்லும்போதோ இந்த எஞ்சின்கள் ஓடி மின்கலங்களுக்குச் சார்ஜ் ஏற்றும். முழுவதும் மூழ்கிய பிறகு அந்த மின்சாரத்தில்தான் கப்பல் நகரும். எஞ்சின்கள் ஓடும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் சைகையில்தான் பேச முடியும் என்று வழிகாட்டி சொன்னார். கடைசி இருபது ஆண்டுகளாக அப்பாவுக்குக் காது மந்தமாக இருந்ததை, வயதானால் வருவது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான பலம் அந்த வழிகாட்டிகள்தான்; அவர்கள் ஓய்வு பெற்ற கடற்படையினர். “இதற்குள் எங்கே படுத்துக்கொள்வார்கள்?” என்று அம்மா கேட்டதும், சுவரோடு ஒட்டிய படுக்கைகளைக் காட்டி, ஒருவர் வேலைக்கு எழுந்து போனதும் அடுத்தவர் அதே இடத்தில் படுப்பார் என்று பொறுமையாக விளக்கினார். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே போதும் என்பதால் குளிப்பது அபூர்வம் என்றும் சொன்னார். குழாயில் தாராளமாகத் தண்ணீர் வந்த காலத்திலும் அப்பா அரை வாளியில் குளித்து முடிப்பார். ரோந்தில் இருக்கும்போது கடிதம் அனுப்ப வழியே இல்லை என்றும் வழிகாட்டி சொல்லக் கேட்டோம். ‘ஃப்ளீட் மெயில் ஆபீஸ்’ என்ற கடற்படை அஞ்சலக முகவரியிட்ட உறைகளை இன்றும் பெட்டியில் வைத்திருக்கும் அம்மா, கடிதம் வராத மாதங்களைப் பற்றி அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

கடற்படைச் சம்பளத்தில்தான் அப்பா தம் இரு தங்கைகளுக்கும் திருமணம் செய்து வைத்தார். ஓய்வு பெற்று வந்த பின்னும் சும்மா இருக்கவில்லை. எழுபது வயது வரை நூற்பாலை ஒன்றில் டீசல் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொண்டார். எந்த ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் எங்களோடு உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிடுவார். அந்தப் பழக்கத்தை அவர் எவ்வளவு மதித்திருப்பார் என்பது, கப்பலின் குறுகிய சாப்பாட்டு மேசையைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது.

எனக்கு ஒரு விருப்பம் உண்டு. 2010இல் வாக்லி என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஓய்வு பெற்றதோடு நம் கடற்படையில் இந்த வகைக் கப்பல்களின் காலம் முடிந்தது. அவற்றில் பணியாற்றியவர்களுக்கும் வயதாகி வருகிறது. வழிகாட்டிகள் வாய்மொழியாகச் சொல்லும் அனுபவங்களை அவர்களுடைய குரலிலேயே பதிவு செய்து, பார்வையாளர்கள் கேட்கும்படி வைத்தால் பெரும் பயன் இருக்கும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை விடுமுறை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த வட்டத் திறப்புகள் சிரமம் தரும். அம்மாவை ஒவ்வொன்றிலும் இருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் கடற்படையில் இருந்தவர் உண்டென்றால், அவர் எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்பதைத் தொடக்கத்திலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். அந்த அறையில் கூடுதலாக நிறுத்தி விளக்குவார். சாலைக்கு எதிர்ப்புறம் டி.யூ.-142 விமான அருங்காட்சியகமும், அதே கடற்கரைச் சாலையில் 1971 போர் வெற்றி நினைவுச் சின்னமும் இருப்பதால், மாலை முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது.