கிட் லென்ஸா, 50 எம்எம் பிரைமா? புதுசா கத்துக்கிறவங்களுக்கு எது?
புதுசா டிஎஸ்எல்ஆர் வாங்குனவங்க நிறைய பேரு கேக்குறது, கேமரா கூடவே வர்ற 18-55 எம்எம் கிட் லென்ஸ் போதுமா இல்ல ஜூம் ஆகாத 50 எம்எம் எஃப் 1.8 பிரைம் லென்ஸ் தனியா வாங்கணுமான்னு.

வெளிச்சம்தாங்க பெரிய வித்தியாசம். கிட் லென்ஸை 55க்கு ஜூம் பண்ணா அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற துவாரம், 5.6க்கு மேல திறக்காது (நம்பர் குறைஞ்சா துவாரம் பெருசு), பிரைம் 1.8 வரைக்கும் திறக்கும், கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள வரும். ராத்திரி டியூப்லைட்ல ஓடுற குழந்தைய எடுக்குறீங்கன்னு வைங்க, கிட் லென்ஸ் 1/20 செகண்ட் ஷட்டர் திறந்திருக்கணும்னு கேக்குற இடத்துல, ஃபோட்டோல கை காலெல்லாம் மங்கலா இழுத்துக்கிட்டுப் போயிடும், அதே ஐஎஸ்ஓல (சென்சார் வெளிச்சத்தை உணர்ற அளவு) பிரைம் 1/200ல எடுத்துடும். ஆனா 1.8ல கிட்டக்க போனா ஒரு கண்ணு ஷார்ப்பா இருக்கும் இன்னொன்னு மங்கிடும், அதனால பழகுற வரைக்கும் 2.8ல வைங்க.

கோபுரம், குரூப் ஃபோட்டோன்னா கிட் லென்ஸோட அகலமா தெரியுற 18தான். கிராப் சென்சார்ல, அதாவது ஃபுல் ஃபிரேமை விட சின்ன சென்சார்ல, 50ங்கிறது ஃபுல் ஃபிரேம் கேமராவோட 75-80 மாதிரி நெருக்கமா தெரியும், சின்ன ரூம்ல பின்னாடி போக இடமே இருக்காது.

என்னைக் கேட்டா மொதல்ல கிட் லென்ஸையே வச்சு எடுங்க, அப்புறம் ஃபோட்டோ டீடெயில்ஸ்ல ஃபோகல் லெங்த், அதாவது எத்தனை எம்எம்ல எடுத்தீங்கன்னு பாருங்க, 50 பக்கமே நிறைய இருந்தா தயங்காம பிரைம் வாங்கிடுங்க, 18லயே நின்னா இப்போதைக்கு வேணாம்.