பிக்கன்ஸா, கிளின்ச்சா? ஃப்ளோரிடாவில் கோட்டையோரம் கூடாரம் போட

ஃப்ளோரிடாவில் கடலும் வேண்டும், பழைய கோட்டையும் வேண்டும், ராத்தங்கக் கூடாரமும் போட வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று, பென்சகோலா பக்கம் சாண்டா ரோசா தீவின் மேற்கு முனையில் இருக்கும் பிக்கன்ஸ் கோட்டை. இன்னொன்று, அட்லாண்டிக் கரையில் அமீலியா தீவின் வட முனையில் இருக்கும் கிளின்ச் கோட்டை. மாநிலத்தின் இரண்டு ஓரங்கள் என்பதால் ஒரே வார இறுதியில் இரண்டையும் பார்ப்பது நடக்காது.

கோட்டையை மட்டும் வைத்துச் சொன்னால் என் ஓட்டு பிக்கன்ஸுக்கு. 1834இல் கட்டி முடித்தது. இரண்டு கோடிக்கும் மேல் செங்கல். அடுக்கியவர்களில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள் ஏராளம். அதை நினைக்காமல் அந்த வளைவுகளுக்குக் கீழே நடக்க மனசு வராது. உள்ளே நின்று மேலே பாருங்கள்: மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து இறக்கி, செங்கல் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து தொங்கும். ஒரு மூலையில் மட்டும் கொத்தளம் இல்லை. 1899இல் தீப்பிடித்து, உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்ததில் போய்விட்டது. அமெரிக்கப் பழங்குடிகளான அப்பாச்சேக்களின் தலைவர் ஜெரோனிமோவை 1886 முதல் 1888 வரை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். அவரைப் பார்க்கவே சுற்றுலாக் கூட்டம் வந்ததாம். படிக்கவே கஷ்டமாக இருக்கும்.

கிளின்ச்சின் கதை அவ்வளவு கனமில்லை. 1847இல் வேலை தொடங்கியது. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் வந்தபோதும் முடியவில்லை. 1862இல் தெற்குப் படை கோட்டையை விட்டுக் கிளம்பிவிட்டது. ஆனால் 1930களில் நன்றாகச் சீரமைத்திருப்பதால் சிப்பாய்கள் எப்படி இருந்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். மாதத்தின் முதல் வார இறுதியில் தன்னார்வலர்கள் அந்தக் கால வடக்குப் படை உடையில் வந்து அந்தச் சிப்பாய்களைப் போலவே இருந்து காட்டுவார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதற்காகவே கிளின்ச்சைத் தேர்ந்தெடுக்கலாம்.

சரி, ராத்திரி? கிளின்ச்சில் இரண்டு முகாம்கள். ஆற்றோர முகாமில் ஓக் மர நிழல் உண்டு. கடற்கரை முகாம் திறந்தவெளி. வெயில் காலத்தில் யோசிக்காமல் ஆற்றோரத்தை எடுங்கள். பிக்கன்ஸில் நிழலை எதிர்பார்க்க வேண்டாம். அதற்குப் பதில் ஒரு பக்கம் மெக்ஸிகோ வளைகுடா, மறுபக்கம் பென்சகோலா விரிகுடா, இரண்டுக்கும் நடந்தே போகலாம். மணல் வெள்ளைவெளேரென்ற குவார்ட்ஸ். கிளின்ச் கரையில் அந்த வெண்மை கிடையாது. குனிந்து தேடினால் சுறாப் பல் கிடைக்கும்.

பிக்கன்ஸில் பெரிய சிக்கல் சாலை. உள்ளே போக ஒரே பாதை, அதுவும் தாழ்வானது. புயலடித்தால் கடல் மேலேறிவிடும், சாலையை மூடிவிடுவார்கள். 2004இல் ஐவன் சூறாவளி பெயர்த்த சாலையில் மறுபடி கார் ஓடியது 2009இல்தான். ஜூன் முதல் நவம்பர் வரை போகிறவர்கள் கிளம்பும் முன் சாலை நிலவரம் பார்த்தே ஆக வேண்டும்.

செலவில் கிளின்ச் லேசு: காருக்கு 6 டாலர், கோட்டைக்குள் போக ஆளுக்கு 2.50. பிக்கன்ஸில் காருக்கு 25 டாலர், ஆனால் ஏழு நாள் செல்லும். கூடார வாடகை இரண்டிலும் தனி. ஒரு பகல் மட்டும் என்றால் கிளின்ச். இரண்டு மூன்று நாள் தங்க முடியுமென்றால், வானிலை ஒத்துழைத்தால், நான் பிக்கன்ஸுக்குத்தான் அனுப்புவேன்.