ஹேண்டில்பார் கண்ணாடி: தஞ்சாவூர் டு மாயவரம்

சைக்கிள்ல பின்னாடி வர்ற வண்டியப் பாக்குற கண்ணாடி, 350 ரூவாய்க்கு வாங்குனது, ஹேண்டில்பார் நுனில சொருகி அலன் கீ (ஆறுமூலை சாவி) போட்டு முறுக்கணும், அவ்ளோதான். போன ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்லேர்ந்து அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம்னு மாயவரம் வரைக்கும் மிதிச்சேன். பஸ்ஸுக்காரன் ஏர்ஹாரன் அடிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணாடில மூஞ்சி தெரிஞ்சிருது, மண்ணுல எறங்க ரெண்டு செகண்டு கெடைக்கும், அந்த ரெண்டு செகண்டுக்குத்தான் காசு. பாபநாசம் தாண்டி பாதி ரோட்ட அடைச்சு நெல்லு காயப்போட்டிருந்தாங்க (அவங்களச் சொல்லி என்ன, களம் இருந்தாத்தானே), கழுத்தத் திருப்பாமலே பாத்து நடுரோட்டுக்கு வர முடிஞ்சுது. கொறன்னா, குழில எறங்குனா கண்ணாடி தலைகுனிஞ்சிருது, கும்பகோணத்துல காபிக்கு நிறுத்துனப்ப பழைய டியூப்ப வெட்டி உள்ள வச்சு இறுக்குனேன், அப்புறம் அசையல. வலது பக்கம் மாட்டுங்க, கடைக்காரரு இடதுன்னாரு, கேக்காதீங்க.