பீன்யாவில் பழைய பட்டறை இடம் வாங்கினோம்: மண்ணைச் சோதித்துக் கொடுத்த தொண்டு நிறுவனம் எப்படி?

பெங்களூரில் பீன்யா, ராஜகோபால் நகர், லக்கெரெ பக்கம் பழைய பட்டறை இருந்த இடத்தை விலை பேசிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கம் இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு முப்பதுக்கு நாற்பது சைட் வாங்கியது. பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் வகுப்பு நடத்த இரண்டு அறை, முன்னால் அவர்கள் ஓடி விளையாடக் கொஞ்சம் மண் தரை, அவ்வளவுதான் ஆசை. "முன்னாடி ஏதோ சின்ன ஷெட் இருந்துச்சு" என்று மட்டும் விற்றவர் சொன்னார். பத்திரம் சரி, காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) சரி. முதல் மழை விட்டு வெயில் அடித்ததும் காம்பவுண்டுச் சுவரின் அடியில் உப்பு பூத்தது. வெள்ளை உப்பு இல்லை, எலுமிச்சம்பழ மஞ்சள். நான் ராணிப்பேட்டைக்காரி. மூடிப்போன குரோமேட் (குரோமியம் என்ற உலோகத்தின் உப்பு) கம்பெனியில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து கிடந்து, மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிகிற ஊரில் வளர்ந்தவள். பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது.

கெட்டுப்போன பட்டறை நிலத்தைச் சோதித்து, சுத்தம் செய்ய வழி சொல்லி, மறுபடி புழங்குகிற இடமாக்க உதவும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தைத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மொத்தமே ஆறு பேர். ஏற்கெனவே நிறையப் பேர் காத்திருப்பதால் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், தேவைப்படுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். நிலவியல் படித்த ஒரு பெண், ஒரு இன்ஜினியர், அப்புறம் தர்மபுரிப் பக்கத்து அண்ணன் ஒருவர். இந்த அண்ணனைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். கருவி எதையும் எடுக்கவில்லை, தரையின் சாய்வையும் சுவரில் இருந்த பழைய ஓட்டைகளையும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "குரோமிக் தொட்டி இங்க இருந்திருக்கும்மா, கழுவுற தண்ணிய அந்த மூலைக்குச் சாய்ச்சு விட்டிருப்பாங்க" என்றார். 22 வருடம், இந்த மாதிரி குரோமிக் தொட்டி வைத்து உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறையில் நின்றவர். தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவியை மாஸ்க் இல்லாமல் சுவாசித்ததில் மூக்குக்குள் இருக்கும் நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருக்கிறது. நான் கேட்டதால் சொன்னார், சொல்லிவிட்டு மறுபடி குனிந்து மண் எடுக்கப் போய்விட்டார். பிறகு ஆய்வக அறிக்கை வந்தபோது அவர் காட்டிய அந்த மூலையில்தான் குரோமியத்தின் அளவு மிக அதிகம்.

அன்றைக்கே ஒரு சின்னச் சோதனையும் செய்து காட்டினார்கள். மண்ணைத் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, கொஞ்சம் அமிலம் சேர்த்து, ஒரு மருந்தைச் சில சொட்டு விட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் குழாயில் இருந்த தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி ஆகிவிட்டது. அந்த நிறம் வந்தால் மண்ணில் ஆபத்தான வகைக் குரோமியம் இருக்கிறது என்று அர்த்தம். குரோமியத்தில் இரண்டு வகை உண்டு, மூன்று இணைதிறன் கொண்டது அவ்வளவு ஆபத்தில்லை, ஆறு இணைதிறன் கொண்டதுதான் புற்றுநோய் வரை கொண்டுபோவது, தண்ணீரில் சுலபமாகக் கரைந்து நிலத்தடிக்கு இறங்குவதும் அதுதான் என்று அந்தப் பெண் எங்கள் சங்கத்துத் தாத்தாவுக்கும் புரிகிற மாதிரி சொன்னார். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் நம் நாட்டு அளவுகோல். போர்வெல் போடும் திட்டத்தை அன்றே கைவிட்டோம்.

சுத்தம் செய்த முறை எனக்குப் பிடித்தது. மோசமான மூலை மண்ணைத் தோண்டி, மூடிய லாரியில் தாபஸ்பேட்டையில் இருக்கும் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பினோம். மீதி மண்ணை நனைத்து அன்னபேதி கலந்தார்கள். ஆமாம், தாத்தா காலத்தில் கடுக்காயோடு சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே அன்னபேதிதான், அதில் இருக்கும் இரும்பு ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் கொண்டதாக மாற்றிவிடுகிறது. மேலே இரண்டு அடிக்கு வெளியிலிருந்து நல்ல மண்.

குறைகளும் உண்டு. அறிக்கை வர ஏழு வாரம் ஆனது, நடுவில் போன் செய்தால் பாதி நேரம் யாரும் எடுக்கவில்லை. அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது, நாங்கள் கேட்ட பிறகுதான் இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். கன்னடத்திலும் தமிழிலும் முதலிலேயே கொடுப்பதுதான் நியாயம், அந்த மண்ணில் நடப்பவர்கள் இந்த மொழிகளைப் பேசுகிறவர்கள்தானே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அவர்கள் விடாப்பிடியாக நின்றபோது எங்கள் கமிட்டியில் இரண்டு பேர் பயந்து விலகினார்கள். எனக்கு அவர்கள் செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது, விற்றவர் மூடி மறைத்துத்தானே இடத்தை எங்கள் தலையில் கட்டினார்.

செலவு விஷயம். முதல் வருகைக்குப் பணம் வாங்கவில்லை. ஆய்வகக் கட்டணம், லாரி, கூலி எல்லாம் எங்களுடையது. மாசு செய்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது, அதுவும் நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில். மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025-இல் தனி விதிகளும் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டறை நடத்தியவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை.

போன மாதம் அந்த அண்ணன் மறுபடி வந்து ஐந்து இடத்தில் மண் எடுத்து அதே சோதனையைச் செய்தார். ஐந்து குழாயிலும் தண்ணீர் நிறம் மாறாமல் இருந்தது. நாங்கள் கைதட்டினோம், அவரோ ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

அவர்களிடம் போகிறவர்கள் தாய்ப்பத்திரம், பழைய கரண்ட் பில், பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பு என்ன பட்டறை இருந்தது என்று தெரிந்தால்தான் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்வார்கள்.