குதிரையின் முதுகைப் பார்க்காமல் ஏறாதீர்கள்: ஆறு நாள் மலைச் சவாரியில் நாங்கள் ஏமாந்த விவரம்

மலைப் புல்வெளிகள் வழியாக ஆறு நாள் குதிரைப் பயணம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினோம். மூன்றாம் நாளே, உடன் வந்த ஒருவரின் மணிக்கட்டு முறிந்த நிலையில், பாதி வழியில் திரும்பினோம். அந்த நிறுவனத்தின் பெயரையும் இடத்தையும் வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எங்கள் முறையீடு இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். இதே வகையில் ஏமாற்றுகிறவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள், ஒரு பெயர் கெட்டால் இன்னொரு பெயரில் கடை விரிக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆகவே, இப்படிப்பட்டவர்களைப் பணம் கட்டுவதற்கு முன்பே எப்படி அடையாளம் காணலாம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் அறிகுறி, அவர்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டு எண் கேட்டார்கள், கூடாரத்தை யாருடன் பகிர்ந்துகொள்வீர்கள் என்று கேட்டார்கள், பணத்தை எந்த வழியில் அனுப்புவீர்கள் என்று இரண்டு இடங்களில் கேட்டார்கள். என் எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, இதற்கு முன் குதிரை ஏறியிருக்கிறேனா என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு வசதியாகவே பட்டது. எந்தக் குதிரையை யாருக்குக் கொடுப்பது என்று உண்மையிலேயே யோசிக்கிற ஒருவர் எடையையும் அனுபவத்தையும் தெரிந்துகொள்ளாமல் அந்த வேலையைத் தொடங்கவே முடியாது என்பது பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது அறிகுறி விளம்பரத்திலேயே இருந்தது. முன்பின் குதிரை ஏறாதவர்களும் வரலாம் என்று ஒரு வரியிலும், நாளொன்றுக்கு 45 கிலோமீட்டர் என்று அடுத்த வரியிலும் எழுதியிருந்தார்கள். குதிரை சாதாரண நடையில் மணிக்கு ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர்தான் போகும். அதுவும் சமவெளியில். ஏற்றமும் இறக்கமும் ஓடைகளும் உள்ள பாதையில் 45 கிலோமீட்டர் என்றால், ஓய்வு நேரத்தைச் சேர்க்காமலே ஏழு மணி நேரத்துக்கு மேல் சேணத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பழக்கம் இல்லாதவரின் தொடையும் இடுப்பும் இரண்டு மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும். தளர்ந்த உடல் சேணத்தில் ஒரு பக்கமாகச் சரியும், அந்தச் சரிவு முழுவதையும் குதிரையின் முதுகு தாங்க வேண்டியிருக்கும். இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கத் தவறியது என் பிழை.

விளம்பரப் படத்தில் நீல ஏரியும் அதன் கரையில் மேயும் குதிரைகளும் இருந்தன. ஊர் திரும்பிய பிறகு அந்தப் படத்தை இணையத்தில் படத்தேடல் செய்து பார்த்தபோது, அது கிர்கிஸ்தானில் 3,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள சோங்கோல் ஏரி என்று தெரிந்தது. எங்கள் பாதைக்கும் அந்த ஏரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

போய் இறங்கியதும், நாங்கள் பணம் கட்டியவர்களுக்குச் சொந்தமாக ஒரு குதிரைகூட இல்லை என்று அறிந்தோம். அவர்கள் இடைத்தரகர்கள். பருவத்துக்குக் குதிரைகளை வாடகைக்கு எடுத்து, வழிகாட்ட ஓர் இளைஞரை இரண்டு நாள்களுக்கு முன்புதான் வேலைக்கு அமர்த்தியிருந்தார்கள். அந்தப் பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் பேசிய கூலியை முழுதாகக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நாங்கள் ஏழு பேர். குதிரைகள் எட்டு. எட்டாவது குதிரை வழிகாட்டிக்கு. மாற்றுக் குதிரைகள் உண்டு என்று எழுதியிருந்ததும், மூட்டைகளுக்குத் தனிக் குதிரை என்று சொன்னதும் பொய். எங்கள் பைகளை நாங்கள் ஏறிய குதிரைகளின் மீதே கட்டினார்கள். ஏழு பேருக்கு நான்கு தலைக்கவசங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று சைக்கிள் ஓட்டுவதற்கானது, இன்னொன்றின் உள்பக்க நுரை குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பலத்த அடி ஒன்று பட்ட தலைக்கவசம் வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. குதிரைச் சவாரிக்கென்றே தனித் தர அளவுகள் உள்ளன. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 1163 (ASTM F1163) அவற்றில் ஒன்று. உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். இனிமேல் நான் என் சொந்தக் கவசத்தை எடுத்துக்கொண்டுதான் போவேன்.

எனக்குக் கிடைத்தது சிறிய பழுப்பு நிறப் பெண்குதிரை. சேணத்தைக் கட்டும் வயிற்று வாரை இறுக்கியபோது காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிக் கடிக்க வந்தது. முரட்டுக் குதிரை என்று வழிகாட்டி சொன்னார், நானும் அதை நம்பினேன். நாள் முழுவதும் அது மேட்டில் ஏறும்போதெல்லாம் முதுகைக் குழித்துக்கொண்டு குறுகிய அடி வைத்து நடந்தது. இறக்கத்தில் அடிக்கடி நின்றது. நிற்கும்போதெல்லாம் குதிகாலால் உதைக்கச் சொன்னார்கள். நான் உதைத்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் மனம் கூசுகிறது.

இரண்டாம் நாள் மாலை, சேணத்தை நானே இறக்குகிறேன் என்று கேட்டு வாங்கினேன். சேணம் வந்தது, அதன் அடியில் இருந்த கம்பளித் துணி வரவில்லை. மெதுவாக இழுத்தபோது ஈரமாக ஏதோ பிய்கிற ஓசை கேட்டது, குதிரையின் முதுகுத்தோல் அலையலையாக நடுங்கியது. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு புண். நடுவில் சிவந்த சதை, ஓரங்களில் காய்ந்த மஞ்சள் பொருக்கு, அதில் ஒட்டிய கம்பளி இழைகள். அதைச் சுற்றிலும், பழுப்பு மயிருக்கு நடுவே, திட்டுத்திட்டாக வெள்ளை மயிர் முளைத்திருந்தது. சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறிய இடத்தில் மயிர் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் முளைக்கும். முந்தைய ஆண்டுகளிலும் இந்தக் குதிரைக்கு இதே இடத்தில் இதே கதி நேர்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. வழிகாட்டி ஒரு கத்தியை எடுத்து, துணியில் புண் படும் இடத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, இன்னும் நான்கு நாள் தாங்கும் என்றார்.

எங்களுடன் வந்தவர்களில் சிறு வயது முதல் குதிரைகளோடு பழகிய ஒருவர் இருந்தார். அவர் ஒரு கயிற்றால் அந்தக் குதிரையை அளந்தார். முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி 158 சென்டிமீட்டர், தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் 145 சென்டிமீட்டர். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் வளர்ந்த குதிரையின் எடை கிலோவில் ஏறக்குறைய கிடைத்துவிடும். கிடைத்தது 305 கிலோ. என் எடை 84, சேணம் 12, அதில் கட்டிய பைகள் 6, ஆக 102 கிலோ. குதிரையின் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு அது.

சேணத்தோடு சேர்த்துக் குதிரை சுமக்கும் மொத்தப் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது குதிரை வளர்ப்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் குதிரைகள்மீது அவற்றின் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு எனப் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். 25-ஐத் தொட்டதும் இதயத் துடிப்பு உயர்ந்தது, தசைகளில் வலியும் இறுக்கமும் கூடின. ஐந்தில் ஒரு பங்கு என்ற வரம்பின்படி என் குதிரை 61 கிலோவுக்கு மேல் சுமந்திருக்கவே கூடாது. என் எடையை ஒருவர் முன்கூட்டிக் கேட்டிருந்தால், அந்தக் குதிரையை எனக்குக் கொடுத்திருக்கவே முடியாது. என்னைச் சுமக்கும் குதிரை தங்களிடம் இல்லை என்று மறுப்பதும் நேர்மையான பதில்தான். எடை வரம்பை வெளிப்படையாக எழுதி, அதற்கு மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பும் நிறுவனங்கள் உள்ளன. அவர்கள் நம்மை அவமதிப்பதாக எண்ண வேண்டாம். நம்பத் தகுந்தவர்கள் அவர்களே.

மூன்றாம் நாள் நான் குதிரையில் ஏறவில்லை, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அன்று முற்பகல், ஒரு சரிவில் இறங்கும்போது, எனக்கு முன்னால் போனவரின் வயிற்று வார் கொக்கியின் அருகே அறுந்து, சேணம் அவரோடு சேர்ந்து பக்கவாட்டில் புரண்டது. தோல் பல நாள்களாகவே வெடித்துப் போயிருந்ததை அறுந்த முனை காட்டியது. அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் பாதம் வைக்கும் வளையம், அவருடைய காலுக்குக் குறுகலாக இருந்ததால் பாதம் அதில் மாட்டிக்கொண்டது. குதிரை மிரண்டு ஓடாமல் நின்றதால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அவசரத்துக்கு என்று காட்டப்பட்ட செயற்கைக்கோள் தொலைபேசிக்குச் சந்தா கட்டப்படவில்லை. சிக்னல் கிடைக்கும் மேடு வரை வழிகாட்டி போய்த் தகவல் சொல்லி, வண்டி வந்து சேர ஏழு மணி நேரம் ஆயிற்று.

காப்பீட்டு நிறுவனம் அவருடைய கோரிக்கையை மறுத்துவிட்டது. வாங்கிய பயணக் காப்பீட்டில் பல நாள் குதிரைச் சவாரி அடங்காது, தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்றது. பல காப்பீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. தலைக்கவசம் அணிந்திருந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு. சுற்றுலா நிறுவனமோ, குதிரையின் நடத்தைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரியை மட்டும் அனுப்பியது. அறுந்தது தோல் வார், அதற்கும் குதிரையின் நடத்தைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு நான் மூன்று கடிதங்கள் எழுதினேன், பதில் இல்லை. அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கி மூலம் தொகையை மீட்கக் கோரியிருக்கலாம். நாங்கள் நேரடியாகக் கணக்குக்கு மாற்றிவிட்டோம். அப்படி அனுப்பினால் கட்டணத்தில் தள்ளுபடி என்று ஆசை காட்டியதும் அவர்கள்தான்.

இனி யாராவது இத்தகைய பயணத்துக்குப் போவதாக இருந்தால், குதிரைகள் சொந்தமானவையா, எத்தனை, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, எடை வரம்பு என்ன என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். போன இடத்தில், சேணம் ஏற்றுவதற்கு முன்பே குதிரையைக் காட்டச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். முதுகு சட்டென்று கீழே தாழ்ந்தாலோ, தோல் துடித்தாலோ, காது பின்னால் மடிந்தாலோ அங்கே வலி இருக்கிறது என்று பொருள். புண், வீக்கம், மயிர் உதிர்ந்த இடம் எதுவும் முதுகிலும் வயிற்று வார் படும் இடத்திலும் இருக்கக் கூடாது. வெள்ளைத் திட்டுகள் பழைய புண்ணின் அடையாளமாக இருக்கலாம், காரணம் கேளுங்கள். விலா எலும்புகள் தொட்டால் தெரியலாம், ஆனால் தூரத்திலிருந்தே எண்ணும்படி தெரியக் கூடாது. வாரின் தோலைக் கொக்கியருகே மடித்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் அங்கேயே தெரியும். அங்கவடியில் பாதத்தை வைத்தால் இரண்டு பக்கமும் விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், காலணிக்குச் சிறு குதி இருக்க வேண்டும்.

இவற்றைச் செய்ய விடாமல் அவசரப்படுத்தினால் ஏறாதீர்கள். பணம் போனாலும் பரவாயில்லை. நாங்கள் கிளம்பிய அன்று அடுத்த குழு வந்து இறங்கியது. அந்தப் பழுப்புக் குதிரைக்கு, வெட்டிய ஓட்டை மறையும்படி வேறொரு துணியை மேலே போட்டுச் சேணம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அதில் ஏற இருந்த பெண்மணியிடம் துணியைத் தூக்கிப் பாருங்கள் என்றேன். அவர் தூக்கிப் பார்த்தார், ஏற மறுத்தார். அவருடன் வந்தவர்களில் இன்னும் இருவர் தங்கள் குதிரைகளின் முதுகைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள், மற்றவர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

அந்தப் புண்ணின் படங்களையும் அறுந்த வாரின் படத்தையும் வைத்திருக்கிறேன். ஒரு பயணத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு, படிவத்தில் உங்கள் எடையைக் கேட்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது என்றால், இன்றே அவர்களுக்கு உங்கள் எடையை எழுதி, எத்தனை கிலோ எடையுள்ள குதிரையைத் தருவீர்கள் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால், மீதித் தொகையை அனுப்பாதீர்கள்.