நாயோடும் பூனையோடும் வாடகைக் கேம்பர்வேனில்: கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை ஒரு மதிப்பீடு

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டுச் சக்கரத்தின் மேலேயே குடியிருக்கும் அமெரிக்க, ஆஸ்திரேலியத் தம்பதிகளின் காணொளிகளை நானும் என் கணவரும் நெடுநாளாகப் பார்த்து வருகிறோம். அந்த வாகனங்களில் பெரும்பாலும் ஒரு நாய் முன்னிருக்கையில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலும் பத்து வயதைக் கடந்த நாட்டு நாய் ஒன்றும், எவருக்கும் அடங்காத பூனை ஒன்றும் இருப்பதால், அப்படியொரு வாழ்க்கை மலேசியாவில் இயலுமா என்பதை அறிய, வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே முறை என்று முடிவு செய்தோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இயங்கும் ஒரு சிறு நிறுவனத்திடம் டொயோட்டா ஹையேஸ் வேனை, உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் ஏற்றபடி மாற்றியமைத்த கேம்பர்வேனை எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்கும், அங்கிருந்து பினாங்குக்கும் சென்று திரும்பினோம். இதே வகை வண்டியை ஏறக்குறைய இதே விதிகளுடன் தருவோர் இங்குப் பலர் இருப்பதால், நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும் வண்டியின் தன்மையே வாசகருக்குப் பயன்படும் எனக் கருதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பூனைக்கு இடம் தரும் வாடகை நிறுவனங்கள் நாய் என்றதும் மறுத்துவிடுவது வழக்கம். இதில் மனத்தாங்கல் கொள்ள ஏதுமில்லை. நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்ய வேண்டும் என்பது இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் நெறி. மெத்தையும் மரப்பலகையும் நிறைந்த ஒரு வண்டியை வாடிக்கையாளர் மாறும்போதெல்லாம் அவ்வாறு கழுவுவது நடவாத காரியம். இந்த நிறுவனம் அதை நேர்மையாகத் தீர்த்திருக்கிறது. நாய் வைத்திருப்போருக்கென்றே தனி வண்டியை ஒதுக்கி, அதன் முன்பதிவுப் பக்கத்தில் அதைத் தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். வண்டியை ஒப்படைத்த மலாய் இளைஞர், நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டதை நினைவில் வைத்திருப்போர் இந்தக் கேள்வியைத் தொந்தரவாக எண்ணமாட்டார்கள்.

ஓட்டுவதற்கு எளிய வண்டி. காருக்குரிய சாதாரண டி வகுப்பு உரிமமே போதும். இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்பதால் நெடுஞ்சாலையில் காருக்குரிய முதல் வகுப்புக் கட்டணந்தான். உயரத்தை மட்டும் மறக்கக் கூடாது. கூரையில் குளிர்சாதனக் கருவி (ஏசி) ஏறியதும் பேரங்காடிகளின் அடுக்கு வாகன நிறுத்துமிடங்கள் அனைத்தும் இதற்கு மூடிய கதவுகளே.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். நாயோடு வண்டியில் வாழ்வது என்பது சமவெளியில், முழுக்க முழுக்க, குளிர்சாதனத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற ஒரே கேள்விதான். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. அது 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மனிதனைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிரும் வசதி அதற்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் அந்த மூச்சிரைப்பும் பாதிப் பயனே தரும். வெளியே 32 பாகை இருக்கும் ஒரு நண்பகலில், வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் அரை மணி நேரத்தில் 45 பாகையைக் கடந்துவிடும். கேம்பர்வேனில் காப்புத்தகடும் கூரைக் காற்றாடியும் இருப்பதால் ஏற்றம் சற்று மெதுவாக இருக்குமே தவிர, இராது என்று சொல்ல இயலாது.

நிறுவனத்தின் விளம்பரம் ‘இரவு முழுவதும் குளிர்ச்சி’ என்கிறது. எங்கள் வண்டியில் இருந்தது 200 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 12 வோல்ட் லித்தியம் மின்கலம். அதாவது ஏறக்குறைய 2.5 கிலோவாட்-மணி. குளிர்சாதனம் இயங்கும்போது ஒரு கிலோவாட் அளவுக்கு இழுக்கும். கணக்கு போட்டாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகாது. இரவில் அறை குளிர்ந்தபின் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். பினாங்குத் தீவின் பத்து ஃபிரிங்கி கடற்கரை அருகே மின் இணைப்பில்லாத ஓரிடத்தில் தங்கிய இரவில், விடியலுக்கு வெகு முன்பே குளிர் நின்றுபோய், நாய் எழுந்து கதவருகே வந்து இரைக்கத் தொடங்கியது. சன்னல் வலைகளுள் ஒன்று கிழிந்திருந்ததால் திறந்துவைத்துத் தூங்கவும் வழியில்லை. கொசு ஒருபுறம், வலை கிழிசல் வழியே நழுவத் துடிக்கும் பூனை மறுபுறம்.

இதைவிட எரிச்சலூட்டியது மின்கலத்தின் அளவுகாட்டி. அது வோல்ட்டை மட்டுமே காட்டும். பழைய ஈய அமில மின்கலத்தில் வோல்ட்டைப் பார்த்து மீதியை ஓரளவு ஊகிக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் நிரம்பியிருக்கும்போதும் கால்பங்காகக் குறைந்திருக்கும்போதும் எண்ணில் பெரிய வேறுபாடு இருக்காது. கடைசியில் திடீரென்று சரியும். உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் எண்ணிச் சதவீதமாகக் காட்டும் கருவி அப்படியொன்றும் விலையுயர்ந்ததல்ல. ஒரு நாளுக்கு 500 ரிங்கிட்டை ஒட்டி வாடகை வாங்கும் வண்டியில், அதுவும் விலங்குகளுக்கென்றே ஒதுக்கிய வண்டியில், அது இல்லாமலிருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கூரையில் 400 வாட் சூரியத் தகடு இருக்கிறதே என்று கேட்கலாம். நம் நாட்டு மேகமூட்டத்தில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளியே கிடைக்கும் எனக் கொண்டால், அது தருவது 1.6 கிலோவாட்-மணி; குளிர்சாதனத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதற்காக வண்டியை வெயிலில் நிறுத்தினால் உள்ளே வேகிறது. மரநிழலில் நிறுத்தினால் தகடு தூங்குகிறது. ஓடும்போது இயந்திரத்திலிருந்து மின்கலத்துக்கு ஏறுவதுதான் உருப்படியான வரவு. கோலாலம்பூரிலிருந்து பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வரை இடையில் நிறுத்தாமல் ஓட்டினால் மின்கலம் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். ஆனால் ஓய்வு பெற்றவர்கள் மின்சாரத்துக்காகத் தினமும் 300 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருப்பதா?

காணொளிகளில் வரும் வாழ்க்கைக்கும் நம்முடையதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளுக்கான முகாம்கள் பலவற்றில் நிறுத்துமிடத்திலேயே 30 ஆம்பியர் அல்லது 50 ஆம்பியர் மின்கம்பம் நிற்கும். முந்தையது 3,600 வாட், பிந்தையது 12,000 வாட் வரை தரும். அங்கு வண்டியிலேயே குடியிருப்போர் கோடையில் வடக்கேயும் குளிர்காலத்தில் தெற்கேயும் நகர்ந்து வெப்பத்தை விட்டு விலகிவிடுகிறார்கள். நமக்கு வடக்கு தெற்கு எங்கும் ஒரே வெயில். மேலே ஏறுவது ஒன்றே வழி. பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் பக்கத்தில் நாங்கள் தங்கிய பழத்தோட்ட முகாமில் மின்சாரம் என்பது உரிமையாளர் வீட்டுச் சமையலறையிலிருந்து இழுத்துவந்த ஒரு நீட்டிப்புக் கம்பி. நம் 13 ஆம்பியர் மூன்றுமுனைச் செருகி 3,000 வாட்டுக்கு மேல் தாங்குமென்றாலும் கம்பி மெல்லியதாக இருந்தது. குளிர்சாதனம் ஓடும்போது மின்கெண்டியைப் போட்டதும் வீட்டுக்காரரின் விளக்கும் சேர்ந்து அணைந்தது. அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே வந்து சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போனார்.

கேமரன் மலையில் நிலைமை முற்றிலும் வேறு. தாப்பாவிலிருந்து வளைந்தேறி, 1,400 மீட்டரைத் தாண்டிய தானா ராத்தாவில் நிறுத்தியதும், குளிர்சாதனம் என்ற ஒன்று இருப்பதையே மறந்தோம். நாய் போர்வையைத் தேடியது. மின்கலம் விளக்குக்கும் சிறு குளிர்ப்பெட்டிக்கும் மட்டுமே செலவாகி, மறுநாளும் நிறைவாக இருந்தது. கட்டில், சமையல் மேடை, மேலே உயரும் கூரை ஆகியவை எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதை அமர்ந்து பார்க்க முடிந்ததும் அங்கேதான். பூனை மட்டும் ஏறும் வழியெல்லாம் கூண்டுக்குள் கத்தியபடியே வந்து, நிறுத்தியவுடன் கட்டிலுக்கடியில் மின்கம்பிகள் ஓடும் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. அந்தப் பெட்டிக்கு ஒரு மூடி போடும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.

நெடுஞ்சாலை ஓய்வுத் தளங்களில் நாயை இறக்கி நடத்துவோர் உணவுக்கூடத்திலிருந்தும் சுராவ் எனும் தொழுகையறையிலிருந்தும் நன்கு விலகி, கனரக வாகனங்கள் நிற்கும் ஓரத்துப் புல்லில் நடத்துவது நல்லது. எவரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதுதான் நடக்கவில்லை. ஒருவர் நாசி லெமாக் வாங்கப் போனால் மற்றவர் வண்டியில் விலங்குகளோடு இருக்க வேண்டும். வண்டியின் வெப்பத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் எச்சரிக்கைக் கருவிகள் உண்டு. நிறுவனம் அதை வாடகைக்குக்கூட வைத்திருக்கவில்லை. விலங்கைத் துன்புறுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ விதிக்கும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் நடப்பிலிருக்கும் நாட்டில், நாய்க்கென வண்டி ஒதுக்குவோர் இதைக் கட்டாயமாகப் பொருத்தித் தருவதே முறை.

பினாங்குத் தீவுக்குள் போக இப்போது பாலங்கள் மட்டுமே. படகுகள் கார்களை ஏற்றுவதில்லை. 2014இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று உயரமான வண்டியை அசைக்கிறது; மெதுவாகச் செல்க. தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்காவுக்குள் நாயோடு போகலாம் என்று எண்ணிச் செல்ல வேண்டாம். கடற்கரையில் குரங்குகள் இருக்கும் இடங்களில் வண்டிக்கதவைத் திறந்துவைத்தால் நாய் குரைப்பதைப் பொருட்படுத்தாமல் ரொட்டியை எடுத்துப் போய்விடும்.

கழிவறை ஒரு சிறு கையடக்கத் தொட்டி. அதைக் காலிசெய்யத் தனி வசதி எங்கும் தென்படாததால் ஓய்வுத் தளக் கழிவறைகளையே நாட வேண்டியிருந்தது. பூனையின் மணல் தட்டும் அதே குறுகிய அறையில் இருந்தது என்பதற்கு மேல் இதை விவரிக்க விரும்பவில்லை.

மலைப்பகுதியில் சில நாள் தங்க, இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு நாய்க்கும், இந்த வண்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சமவெளியில் நாயோடு நிரந்தரமாகக் குடியிருக்க இது போதாது. மின்கலம் இரு மடங்கு, சதவீதம் காட்டும் கருவி, வெப்ப எச்சரிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தாலும், ஒவ்வோர் இரவும் மின் இணைப்புள்ள இடத்தைத் தேடித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். பக், ஷிட்சு போன்ற, மூச்சிரைக்கத் திணறும் தட்டைமூக்கு நாய் வைத்திருப்போர் மலைக்கு மட்டும் எடுத்துச் செல்லலாம். நடுவழி நிறுத்தங்களில் குளிர்ச்சி நின்றுவிடாதிருக்க இயந்திரத்தை அணைக்காதீர்கள். வண்டியைத் திருப்பித் தந்தபோது மெத்தையில் ஒட்டிய முடிக்காக வைப்புத்தொகையில் சிறு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்த தொகைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதிப் பணம் அந்த வாரமே வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. கிழிந்த வலையைப் படமெடுத்து அனுப்பியதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.